செல்ஃப் இழுக்க ஆரம்பித்துவிட்டதா? பைக் பேட்டரி படுப்பதற்கு முன் காட்டும் அறிகுறிகள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தர்மபுரி ரயில் நிலையத்துக்கோ கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கோ வண்டியில் வந்து, பக்கத்து ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி நிறுத்திவிட்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். சனிக்கிழமை திரும்பி வந்து சாவியைத் திருப்பி செல்ஃபை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக்கிடம் எல்லோரும் சொல்வது ஒன்றே: “போன வாரம் வரைக்கும் நல்லாத்தாண்ணா இருந்துச்சு.” பெரும்பாலும் அப்படி இருந்திருக்காது. சில வாரங்களாகவே வண்டி ஏதோ ஒரு வழியில் சொல்லியிருக்கும், கவனிக்காமல் விட்டிருப்போம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரிதான் என்று முடிவுகட்டி புதுசு வாங்கி மாட்டுவார்கள். மூன்று மாதத்தில் அதுவும் படுத்துவிடும். அங்கே பேட்டரி குற்றவாளியே இல்லை. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எதைச் சோதிப்பது, எப்போது பேட்டரியைச் சந்தேகிப்பது, எப்போது வேறு இடத்தைப் பார்ப்பது என்று சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு மீட்டர்

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பைக் வைத்திருக்கிற வீட்டில் பஞ்சர் கிட்டை விட இது முக்கியம் என்பது என் கட்சி. குமிழை டிசி வோல்ட்டில் 20 என்று இருக்கும் இடத்தில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்தால் போதும்.

அளக்கும் நேரம் முக்கியம். வண்டியை ஓட்டிவந்த கையோடு அளந்தால் 13க்கு மேல் காட்டி ஏமாற்றும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். அப்போது 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழு சார்ஜ். மூடிய வகை பேட்டரியில் இன்னும் கொஞ்சம் கூடவே காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரிதானே, 12 காட்டுகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இன்னொரு எண்ணும் மனதில் இருக்கட்டும்: 10.5. பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். முழு நேரம் சார்ஜ் போட்ட பிறகும் பத்தரையிலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

“காலையில மட்டும் இழுக்குது, மத்தியானம் பட்டுனு எடுத்துடுது”

இதுதான் முதல் அறிகுறி. அதிகம் பேர் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான். செல்ஃப் மோட்டார் வழக்கமான வேகத்தில் சுற்றாமல் ‘ஊ… ஊ…’ என்று இழுத்து இழுத்துச் சுற்றும். இரண்டாவது, மூன்றாவது அமுக்கலில் எடுத்துவிடும். பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இருக்காது.

காலைக் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும், மோட்டாருக்குக் கூடுதல் பலம் தேவை. அதே குளிரில் பேட்டரி தரக்கூடிய பலமோ குறைவு. அதனால் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழியில் இந்தப் புகார் கூடும். ஆனால் பேட்டரியைக் கெடுத்தது மார்கழி இல்லை, சித்திரையும் வைகாசியும். வெயிலில் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றும், ஈயத் தகடு அரிக்கும். பேட்டரி இருக்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் உள்ள கணக்கு. காவேரிப்பட்டணத்திலோ அரூரிலோ கோடை முழுக்க நிழலில்லாத இடத்தில் நின்ற வண்டி, குளிர்காலத்தில்தான் அதன் விலையைக் கேட்கும்.

சோதனை எளிது. மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தபடியே, வேறொருவரை செல்ஃபை அமுக்கச் சொல்லுங்கள். எண் இறங்கும், அது இயல்பு. 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறது. ஒன்பதரைக்கும் கீழே சரிந்தால் சந்தேகப்படுங்கள். நின்றபோது 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்ததும் 8க்கோ 7க்கோ விழுந்தால் சந்தேகமே வேண்டாம்: வோல்ட் இருக்கிறது, கொள்ளளவு போய்விட்டது. சார்ஜ் போட்டாலும் சில நாள்தான் தாங்கும்.

நின்றபோதே 12.2 என்று காட்டியிருந்தால் உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. முழுதாக சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி ஆறவிட்டு, மறுபடி இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

“டக் டக்குனு சத்தம் மட்டும் வருது”

சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால், ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) ஒட்டுகிறது, உடனே வோல்ட் விழுகிறது, ரிலே விடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டும் இடம்) லூசாக இருக்கும். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்து, அந்த நேரத்தில் வண்டியின் மீட்டர் விளக்குகளும் மங்காமல் இருந்தால், பேட்டரியை விட்டுவிட்டு ரிலேயையும் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையும் பாருங்கள். ‘டக்’குடன் விளக்குகளும் அணைந்தே போனால் மீண்டும் பேட்டரி, டெர்மினல் பக்கம்தான்.

சத்தமே இல்லையா? கில் சுவிட்ச், அதாவது ஹேண்டிலில் இன்ஜினை அணைக்க இருக்கும் சுவிட்ச். சிரிக்காதீர்கள். ஸ்டாண்டில் வண்டியை நகர்த்தும் ஆள் கை பட்டு அது ஆஃபில் போயிருக்கும், அதற்காக வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவர்கள் உண்டு. அடுத்து சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஸ்கூட்டராக இருந்தால் பிரேக் லீவர் சுவிட்ச், கடைசியாக பியூஸ்.

டெர்மினலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அஞ்செட்டி பக்கம், பெட்டமுகிலாளம் பக்கம் மலைச்சாலையில் தினமும் ஓடுகிற வண்டிகளில் அதிர்வால் டெர்மினல் போல்ட் தளரும். சீட்டைக் கழற்றி, வயர் முனையை விரலால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறுக்குங்கள், பாதி நோய் அதிலேயே தீரும். அசையாமல் இருந்தாலும் உள்ளே பூசணம் பிடித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் காதிலும், இன்னொரு முனையை அதே காதில் மாட்டியிருக்கும் வயரின் முனையிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய எதுவும் காட்டக் கூடாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில்தான் கரண்ட் வீணாகிறது. கழற்றிச் சுரண்டி மாட்டினால் செல்ஃப் பழையபடி சுற்றும். மைனஸ் வயர் இன்ஜினில் சேரும் இடத்துக்கும் இதே சோதனைதான். ஆயுத பூஜைக்கு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய வண்டிகளை அடுத்த வாரமே ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

“ஹெட்லைட் நல்லா எரியுதே, பேட்டரி எப்படி போகும்?”

அடிக்கடி கேட்கும் கேள்வி. சாதாரண 100 சிசி, 125 சிசி வண்டிகள் பலவற்றில் பழைய வகை பல்பு ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதே இல்லை. இன்ஜின் ஓடும்போது, கரண்ட் உற்பத்தி செய்யும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏசி கரண்டாக வருகிறது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிவதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் பிரகாசமாகி, விட்டால் மங்குகிற விளக்கை வைத்துப் பேட்டரியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எல்இடி ஹெட்லைட் உள்ள வண்டிகள் பெரும்பாலும் வேறு ஏற்பாடு, அங்கே விளக்கு மங்கினால் பேட்டரியையும் சார்ஜிங்கையும் கவனிக்கலாம்.

பேட்டரியின் உண்மை நிலையைச் சொல்வது ஹாரனும் இண்டிகேட்டரும். இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் போட்டு ஹாரன் அடியுங்கள். சளி பிடித்தவன் குரல் மாதிரி வந்தால் ஒரு அடையாளம். ஹாரனை அமுக்கும்போது எரிந்துகொண்டிருக்கும் இண்டிகேட்டர் மங்கினால், அல்லது விட்டு விட்டு எரியாமல் நின்றுபோனால், இரண்டாவது அடையாளம். இண்டிகேட்டர் வழக்கத்தை விட வேகமாக அடித்தால் மட்டும் பேட்டரியைச் சேர்க்காதீர்கள், ஒரு பல்பு போயிருக்கும்.

“மீட்டர்ல டைம் தானா மாறிடுது”

டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டிகளில் எனக்குப் பிடித்த அறிகுறி இது. செல்ஃப் இன்னும் நன்றாகச் சுற்றும் காலத்திலேயே இது தலைகாட்டலாம். செல்ஃப் அடித்த அந்தக் கணத்தில் வோல்ட் மிகக் கீழே போவதால் மீட்டர் அணைந்து மறுபடி உயிர் பெறும், கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விடும், சில வண்டிகளில் ட்ரிப் மீட்டரும் அழியும். ஒருமுறை நடந்தால் டெர்மினலை இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் நடந்தால் மேலே சொன்ன செல்ஃப் சோதனையைச் செய்துவிடுங்கள்.

“கிக்கர் அடிச்சாலும் எடுக்கலை”

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகை விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு எஃப்ஐக்கு (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) மாறிவிட்டன. இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்பு ஓட வேண்டும், இசியூ என்கிற கணினிப் பெட்டி விழித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். பழைய வண்டியைப் போல, பேட்டரியே இல்லாவிட்டாலும் கிக்கில் எடுத்துவிடலாம் என்று இங்கே நம்பியிருக்க முடியாது. சில மாடல்களில் எடுக்கும், சிலவற்றில் எடுக்காது. பல வண்டிகளில் கிக்கரே இல்லை.

சாவியைப் போட்டதும் சீட்டுக்கு அடியிலிருந்தோ டேங்கிலிருந்தோ ‘உய்ங்’ என்று இரண்டு மூன்று வினாடி பம்பு ஓடும் சத்தம் கேட்கும். தினமும் அதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அது சோர்ந்து ஒலித்தால், அல்லது இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், சென்சாரை மாற்றச் செலவழிப்பதற்கு முன் பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள்.

“ஓட்டினா ஒண்ணுமில்லை, நாலு நாள் நின்னா எடுக்காது”

முதலில் சொன்ன ஸ்டாண்ட் வண்டிகள் இந்த வகை. நல்ல பேட்டரி ஒரு வாரத்துக்கெல்லாம் படுக்காது. படுத்தால், பேட்டரி பழசாகியிருக்கும் அல்லது சாவியை எடுத்த பிறகும் யாரோ கரண்ட் குடிக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திருட்டுக்குப் பயந்து மாட்டிய ஜிபிஎஸ் கருவி 10 மில்லி ஆம்ப் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). உங்கள் ஸ்கூட்டரில் இருப்பது 4 ஆம்பியர் மணி பேட்டரி. எட்டு நாளில் பாதி காலி. அது ஏற்கெனவே முக்கால் சார்ஜில் நின்றிருந்தால் சனிக்கிழமை செல்ஃப் எடுக்காததில் ஆச்சரியம் இல்லை.

கண்டுபிடிக்க, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரைக் கரண்ட் அளக்கும் இடத்துக்கு மாற்றி (சிவப்பு வயரை 10 ஆம்ப் துளையில் மாட்டித் தொடங்குங்கள், அளவு சிறிதாக இருந்தால் மில்லி ஆம்புக்கு இறங்கலாம்), ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றைக் கழற்றிய வயரிலும் வையுங்கள். சாவி ஆஃபில் இருக்க வேண்டும். இந்த நிலையில் மறந்தும் செல்ஃபை அமுக்காதீர்கள், மீட்டர் பியூஸ் போய்விடும். கார்புரேட்டர் வண்டியில் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும், டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டியில் ஓரிரு மில்லி ஆம்ப். ஐந்து, பத்து என்று போனால், வெளியில் மாட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே எண்ணைக் கவனியுங்கள்: அலாரம், மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்கு. எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அதுதான் திருடன். பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுப்போயும் இப்படிக் குடிக்கலாம், அதன் கப்ளரையும் (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பத்து நாளுக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போவதே எளிது. இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டின் மேல் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

“புதுப் பேட்டரியும் போயிடுச்சு”

இங்கே பேட்டரிக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் சார்ஜிங்கை அளக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மிதமாகப் பிடித்தபடி பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை சரி. இன்ஜின் வேகம் கூடியும் 13ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரிக்குச் சாப்பாடு போகவில்லை: மேக்னட் காயில், ரெகுலேட்டர், இரண்டுக்கும் நடுவில் உள்ள கப்ளர். அந்த பிளாஸ்டிக் கப்ளரை முதலில் பிரித்துப் பாருங்கள். உருகிக் கறுத்திருந்தால் காயில் வாங்கும் செலவு மிச்சம்.

15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அடிக்கடி பல்பு பியூஸ் ஆவது, தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் தண்ணீர் வேகமாகக் குறைவது, பேட்டரியின் பக்கவாட்டு உப்புவது, அழுகின முட்டை நாற்றம் எல்லாம் இதன் கூட்டாளிகள். நாற்றம் வந்தால் வண்டியை உடனே அணைத்து, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். உப்பிய பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது. ரெகுலேட்டரை மாற்றாமல் புதுப் பேட்டரி மாட்டினால் அதற்கும் இதே கதிதான்.

அளவு எல்லாம் சரி, ஆனாலும் இறங்குகிறது என்றால் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர், கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை, ஒவ்வொரு இடத்திலும் செல்ஃப். செல்ஃப் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அந்த ஓட்டம் பத்தாது. கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கிக்கரைப் பயன்படுத்துங்கள்.

கண்ணால் பார்ப்பது, சார்ஜ் போடுவது

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவைத்து, மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான்.

தண்ணீர் ஊற்றும் வகையில் மட்டம் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் வேண்டாம். நம் ஊர் போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ‘வீக்கா இருக்கு, கொஞ்சம் ஆசிட் ஊத்தலாம்’ என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வற்றுவது தண்ணீர், ஆசிட் இல்லை. மேலே மூடியிருக்கும் வகையை நோண்டித் திறக்கக் கூடாது.

சார்ஜ் போட, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது வழக்கம்: 4 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.4 ஆம்ப், 9க்கு 0.9. அவசரத்தில் பேட்டரிக் கடையில் கார், லாரி பேட்டரி வரிசையோடு சேர்த்துப் பெரிய சார்ஜரில் ஒரு மணி நேரம் போட்டுத் தருவார்கள். சின்னப் பேட்டரி கொதித்துச் சாவதற்கு அது போதும். சொல்லிவிட்டே கொடுங்கள்: “அண்ணா, மெதுவா போடுங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

வழியில் நின்றுவிட்டால்

கியர் வண்டியாக இருந்து பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால், சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விடுங்கள். லேசான இறக்கம் கிடைத்தால் நல்லது, ஆனால் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இந்த வித்தை வேண்டவே வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி எடுக்க முடியாது. கார் பேட்டரியிலிருந்து வயர் போட்டு எடுக்கலாம், அப்போது கார் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

வண்டிக்குக் கம்பெனி சொன்ன அதே அளவு, அதே ஆம்பியர் மணி. பெரியது மாட்டினால் நல்லது என்று திணிக்காதீர்கள். தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, பழைய சரக்கைத் தவிருங்கள். கடையில் ஆசிட் ஊற்றிக் கொடுக்கும் வகையாக இருந்தால் ஊற்றிய பிறகு அரை மணி நேரமாவது ஊறவிட்டு, முதல் சார்ஜ் முழுதாகப் போட வேண்டும். ஊற்றின கையோடு மாட்டி அனுப்பினால் அந்தப் பேட்டரி தன் முழுப் பலத்தை ஒருநாளும் எட்டாது. வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் விழுந்ததா என்று நின்று பாருங்கள்.

பழையதை வீட்டில் போட்டு வைக்காமல் அங்கேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். குழந்தைகள் உள்ள வீட்டுத் திண்ணையில் அதற்கு இடமில்லை. மாட்டி முடித்ததும், பணம் கொடுப்பதற்கு முன், இன்ஜினை ஓடவிட்டு சார்ஜிங் வோல்ட்டை உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.